மூத்தாருக்குப் போட்ட இலை

கல்யாணமாகி நான் மலாக்காவின் காஜா பெராங்கில் காலெடுத்து வைத்த கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். படித்த என் தங்கை, "எல்லாரையும் எழுதினே, உன் மூத்தாரை மட்டும் ஏன் விட்டே?" என்று கேட்டாள். புருஷனின் அண்ணனை எங்கள் பக்கம் மூத்தார் என்பார்கள். அவரை விட்டதற்குக் காரணம் மறதி இல்லை, வெட்கம். அவரைப் பற்றி எழுதினால் எங்கள் வீடு அவருக்குச் செய்ததையும் எழுத வேண்டும். இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் காது மடல் சுடுகிறது.

சரி, கப்பல் துறையில் கழிந்த ஒரு காலைப் பொழுதிலிருந்து தொடங்குகிறேன்.

வெள்ளைக்காரர் ஆட்சிக் காலம். மார்கழி முடியப்போகிறது. மலாக்கா ஆறு கடலில் சேரும் இடத்தில், வெள்ளைச் சாயம் பூசிய இரட்டைப் பாய்மரக் கப்பல் ஒன்று நின்றது. வெயில் பட்டுச் சாயம் கண்ணைக் கூச வைத்தது. மேல்தளத்தில் நீளப் பலகை போட்டு, பையன்களுக்கான புதுத் தொப்பிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அன்று முதல் அது சரக்குக் கப்பல் இல்லை. பாய் ஏற்றவும் சுக்கான் பிடிக்கவும் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் பயிற்சிக் கப்பல். கற்றுக்கொடுப்பவர் எங்கள் மூத்தார், ஆறுமுகம்.

ஏறும் பலகையின் அருகே அவர் புது வெள்ளை உடுப்பில் நின்றிருந்தார். உடுப்பைத் தைத்தவர் என் அப்பா. கரையில் அங்சானா மரத்தடியில் மாமியாரும் என் கணவரும் நானும் நின்றோம். பெருமைப்பட வந்திருந்தோம்.

தொப்பிகள் இருந்தன, தலைகளைத்தான் காணோம்.

கப்பலுக்குப் பொறுப்பான துறைமுகத்துத் துரை கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் சாலையைப் பார்ப்பதுமாக இருந்தார். வெகுநேரம் கழித்து ஒரு மலாய்க்காரர் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பலகை வரைக்கும் வந்தவர், மூத்தார் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பிறகு மகனின் தோளைப் பிடித்துத் திருப்பினார். ஏன் என்று பையன் கேட்டான்.

"ஒராங் இத்து சூடா மாத்தி" என்றார் அவர். அந்த ஆள் செத்தாச்சு என்று அர்த்தம். கடை மூடியாச்சு என்பதுபோல வெகு சாதாரணமாகச் சொல்லிவிட்டு நடந்தார்.

எங்களுக்குக் கேட்டது, மூத்தாருக்கும் கேட்டது. அவர் குனிந்து, ஏற்கெனவே ஒழுங்காகச் சுற்றி வைத்திருந்த கயிற்றை அவிழ்த்து மறுபடி சுற்றத் தொடங்கினார். நான் சேலைத் தலைப்பை நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டேன். என்னை யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் பூமி பிளந்து உள்ளே போனால் தேவலை என்றிருந்தது.

கருவாட்டுக் கப்பல்

அந்தக் கப்பல் பிறந்தபோது வெள்ளையும் இல்லை, சுத்தமும் இல்லை. திரெங்கானுவில் மலாய்த் தச்சர்கள் கட்டியது. ஜாலான் பெண்டஹாராவில் ஜவுளிக் கடை வைத்திருந்த காதர் மரைக்காயரின் தகப்பனார் அதை வாங்கி 'ரஹ்மத்' என்று பெயரிட்டார். மலாக்காவிலிருந்து கூரை ஓடும் துணியும் சட்டிபானையும் ஏற்றிக்கொண்டு சுமாத்ரா ஆற்று முகங்களுக்குப் போகும். வரும்போது கருவாடு, பெலாச்சான் என்கிற இறால் விழுது, சவ்வரிசி, அடுப்புக்கரி.

கருவாடும் பெலாச்சானும் வருஷக்கணக்கில் ஊறிய மரம் எப்படி மணக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மரைக்காயர் என்னதான் அத்தர் பூசினாலும் அடியில் கப்பல் மணக்கும். அவர் கடைக்கு எதிரேதான் என் அப்பாவின் தையற்கடை. ஒருமுறை கப்பலின் கிழிந்த பாயைத் தைத்துத் தரமுடியுமா என்று மரைக்காயர் கேட்க, அப்பா வீறாப்பாக ஒப்புக்கொண்டு, மெஷின் ஊசிகளை வரிசையாக உடைத்துக்கொண்டார். கடைசியில் அந்தப் பாயைத் தைக்க வந்தவர் மூத்தார்தான். உள்ளங்கையில் தோல்பட்டை கட்டிக்கொண்டு, எங்கள் கடை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, கோணி ஊசியால் தைத்தார். அவர் கூடவே வந்த தம்பிக்கு என்னைப் பிடித்துப் போனது. அந்தக் கதையைத்தான் போன வாரம் எழுதினேன்.

நான் வாழப் போன வீடு மலாக்கா செட்டிகளின் வீடு. பல தலைமுறைக்கு முன் வியாபாரத்துக்கு வந்து, இங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்ட தமிழர் வழி. கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய். மரைக்காயரிடம் வேலை பார்த்ததால் அண்ணன் தம்பி இருவருக்கும் தமிழ் பேச வரும். மாமியாருக்கு வராது. மாமி என்று கூப்பிட்டால் மட்டும் திரும்பிப் பார்ப்பார். அவர் பேசியதை எல்லாம் நம் பேச்சிலேயே எழுதிவிடுகிறேன்.

மூத்தார் அந்தக் கப்பலின் சுக்கானி. முப்பது தாண்டியும் கல்யாணம் இல்லை. கடலிலிருந்து வந்தால் மாமி அவரைக் கிணற்றடியில் நிறுத்தி, எலுமிச்சையால் தேய்த்துக் குளிக்க வைத்துத்தான் உள்ளே விடுவார். என் பிறந்த வீட்டு வழக்கப்படி மூத்தாரோடு நேருக்கு நேர் பேசக்கூடாது. அவருக்குக் குழம்பு போதுமா என்று நான் கேட்க வேண்டுமானாலும் நடுவில் என் கணவர் வேண்டும். இதைப் பார்த்து மாமி வீட்டார் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள்.

கரை ஒதுங்கிய பலகை

கல்யாணமான வருஷமே, மழைக்காலத்தில், ரஹ்மத் சுமாத்ராவுக்குப் போனது. திரும்ப வேண்டிய நாளில் திரும்பவில்லை. காற்று சரியில்லை என்றார்கள். பிறகு சரக்குக் கிடைத்திருக்காது என்றார்கள். தீபாவளி வந்து போயிற்று. ஒருநாள் விடியற்காலை வீசிய புயலில் எத்தனையோ படகுகள் போயின என்று செய்தி வந்தது.

ஒரு பிற்பகலில் மரைக்காயர் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பலகைத் துண்டு. உஜோங் பாசிர் கரையில் மீனவர்கள் எடுத்ததாம். சரக்கு அறையின் வாயை மூடும் பலகை. ரஹ்மத்தின் பச்சைச் சாயம் அதில் இருந்தது. மாமி அதை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். கடல்நீரில் அத்தனை நாள் கிடந்தும் கருவாடு மணந்தது. அவருக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

இன்று யோசித்தால் எனக்கே ஆத்திரம் வருகிறது. கப்பலை லேசாக்கக் கண்டதையும் தூக்கிக் கடலில் போடுவார்கள் என்பது மரைக்காயருக்குத் தெரியாதா? எங்களில் ஒருவருக்காவது அது தோன்ற வேண்டாமா? ஒரு பலகையை வைத்து ஒரு மனிதனை முடித்துவிட்டோம்.

போகியன்று

செட்டி வீடுகளில் பொங்கலுக்கு முதல் நாள் பார்ச்சு என்று ஒன்று உண்டு. செத்தவர்களுக்குச் சோறு வைப்பது. ஒவ்வொருவருக்கும் ஒரு வாழையிலை. உயிரோடு இருந்தபோது எது பிடிக்குமோ அது அந்த இலையில் இருக்க வேண்டும். சாம்பிராணி போட்டு, ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிடுவார்கள். பெரியவர்கள் வந்து நிம்மதியாகச் சாப்பிட வேண்டும் அல்லவா? சற்றுப் பொறுத்துக் கதவைத் திறந்து, இலைகளில் உள்ளதை ஒரு பெரிய தட்டில் சேர்த்து வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் பகிர்ந்து சாப்பிடுவார்கள். அது ஆசீர்வாதம்.

அந்த வருஷம் மாமி ஒரு இலை கூடுதலாகப் போட்டார். தேங்காய்ப்பால் சோறு, புளி விட்ட மீன், முருங்கைக்காய், கறுப்புக் காப்பி. மீனைச் சமைத்தது நான். மாமி மூத்தாரின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டபோது குரல் உடைந்து, எதிர்வீட்டு லெட்சுமியக்காள் தாங்கிப் பிடித்தாள்.

பிறகு கதவு திறந்தது. மூத்தார் இலையிலிருந்த சோற்றையும் மீனையும் எல்லாருக்கும் பங்கு வைத்தோம். லெட்சுமியக்காள் தட்டை நீட்டி வாங்கிக்கொண்டாள். மீன் நன்றாக வந்திருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

திரும்பி வந்தவர்

பங்குனி வெயிலில், ஒரு மதியம், மூத்தார் ஆற்றுப் பக்கமிருந்து நடந்து வந்தார். தாடியும் மீசையுமாக, பாதி ஆளாக.

புயலில் பாய்மரம் ஒன்று முறிந்து, கப்பல் சுமாத்ரா கரையில் ஒரு சதுப்பு நில ஓடையில் சொருகிக்கொண்டதாம். எல்லாருக்கும் காய்ச்சல். கப்பலை நடத்திய தண்டல் அந்தக் காய்ச்சலிலேயே போய்விட்டார். காட்டில் மரம் வெட்டிப் புதுப் பாய்மரம் நிறுத்தி, மிச்சமிருந்த ஆட்களை வைத்துக்கொண்டு மூத்தார் கப்பலை ஊர் சேர்த்திருக்கிறார். இரண்டு மீன்பிடிப் படகுக்காரர்களிடம் சேதி சொல்லி அனுப்பினாராம். ஒன்றும் வந்து சேரவில்லை.

மாமி அவரைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையை நான் மறக்க மாட்டேன். அதுவரைக்கும் எல்லாம் சரிதான். குளித்துவிட்டு மாற்றுச் சட்டை கேட்டார். சட்டைகளை எல்லாம் தானம் செய்திருந்தோம். படுக்கப் பாய் கேட்டார், அதையும் கொடுத்திருந்தோம். என் கணவர் தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார்.

இலை போட்டதைச் சொன்னது பக்கத்து வீட்டுக் குழந்தை. மூத்தார் தம்பியின் சட்டைக்குப் பொத்தான் போட்டு முடித்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "என்னா வச்சீங்க?" என்று தம்பியைக் கேட்டார். தம்பி சொன்னார். "பரவால்ல, நல்லாத்தான் கவனிச்சிருக்கீங்க" என்றார். நான் அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டேன்.

ஊர் அதை அப்படிச் சிரித்து விட்டுவிடவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டு, இலை போட்டு, எல்லாரும் சாப்பிட்டும் ஆன பிறகு வந்து நிற்கிறவன் யார்? அதை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் அவர் பக்கத்து இடம் காலியாகவே இருக்கும். அவர் சாப்பிடும்போது பிள்ளைகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். மலாய்க்காரர்களும் செத்தவர்களுக்கு விருந்து வைக்கிறவர்கள்தானே, அவர்களுக்கும் இது சுலபமாகப் புரிந்தது. எங்கள் வீட்டு விவகாரம் சந்தை வரைக்கும் போய்விட்டது.

வெள்ளைச் சாயம்

ரஹ்மத் ஆற்றுச் சேற்றில் சாய்ந்து கிடந்தது. மரைக்காயருக்கு அதில் ஆசை விட்டுப் போயிற்று. அப்போதுதான் துறைமுகத்துத் துரைக்கு ஒரு யோசனை. பாய்க்கப்பலில் பழகிய பையனுக்கு நீராவிக் கப்பலில் வேலை சுலபமாகக் கிடைக்கும், ஊர்ப் பிள்ளைகள் பிழைத்துக்கொள்வார்கள் என்று சொல்லி, கப்பலை வாங்கிவிட்டார். காட்டு மரத்தைப் பாய்மரமாக நிறுத்தி இதைக் கொண்டுவந்தவன் யார் என்று கேட்டு, மூத்தாரையே ஆசிரியராக வைத்துக்கொண்டார்.

மூத்தார் அந்தக் கப்பலில் பாடுபட்ட மாதங்கள் கொஞ்சமில்லை. சுண்ணாம்பு போட்டுத் தேய்த்தார், எலுமிச்சை போட்டுத் தேய்த்தார், சரக்கு அறையில் பையன்கள் படுக்கக் கட்டில் அடித்தார். துரை வைத்த புதுப்பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. வீட்டுக்கு வந்தால் அவருக்குக் கப்பல் பேச்சுத்தான். செத்த ஆளைப் பார்ப்பதுபோலப் பார்க்கும் ஊரில், தன்னிடம் கற்றுக்கொள்ளப் பத்துப் பிள்ளைகள் வந்து நின்றால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் நம்பியது எனக்குத் தெரியும்.

அப்படி நம்பியவர்தான் அன்று ஏறும் பலகையருகே நின்று, சுற்றிய கயிற்றையே சுற்றிக்கொண்டிருந்தார்.

மதியம் வரைக்கும் யாரும் வரவில்லை. துரை என் கணவரைக் கூப்பிட்டுப் பேசினார். பொங்கல் கழியட்டும், அதற்குள் பிள்ளைகள் வராவிட்டால் சிங்கப்பூரிலிருந்து வேறு ஆளை வரவழைப்பேன், உன் அண்ணன் மேல் எனக்குக் குறை இல்லை என்றார். குறை எங்கள் மேல்தான் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

மூத்தார் அன்று வீட்டுக்கு வரவில்லை. கப்பலிலேயே தங்கிவிட்டார்.

மறுபடியும் போகி

மாமிக்கு இன்னொரு வேதனை இருந்தது. அவர் வீட்டு வழக்கத்தில், ஒருவருக்கு ஒருமுறை இலை போட்டுவிட்டால் பிறகு நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் கூப்பிடப்பட்டவர் பசியோடு வாசலில் நிற்பார். உயிரோடு இருக்கும் மகனுக்கு இலை போடுவதா, போட்ட இலையை நிறுத்துவதா? கோயிலில் பெரியவர்களைக் கேட்டார். ஒருவர் போடு என்றார், ஒருவர் போடாதே என்றார், இன்னொருவர் தலைவலி என்று எழுந்து போனார்.

போகி மாலையில் மாமி இலைகளை விரித்தார். மாமனாருக்கு, அவரைப் பெற்றவர்களுக்கு. பிறகு இன்னொன்று.

"அம்மா, அண்ணன் உசிரோட இருக்கான்" என்றார் என் கணவர்.

"தெரியும். போன வருஷம் நான்தானே பேர் சொல்லிக் கூப்பிட்டேன்? கூப்பிட்டவனுக்கு இந்த வருஷம் சோறு இல்லன்னு எந்த வாயால சொல்றது?"

நான் மீனை எடுத்து வைத்தேன். தெருப் பெண்கள் வழக்கம்போலத் தட்டோடு வந்து வாசலில் கூடினார்கள். வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம். எத்தனை இலை என்று பார்க்க வந்தவர்கள் என்று முகத்திலேயே தெரிந்தது.

சாம்பிராணி போட்டாயிற்று. மாமி மற்றவர்களைக் கூப்பிட்டார். மூத்தாரின் பேர் வந்ததும் உதடு மட்டும் அசைந்தது. கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து நின்றோம்.

சிறிது நேரத்தில் உள்ளே ஒரு சத்தம் கேட்டது. பீங்கான் கோப்பையைக் கீழே வைக்கும் சத்தம். பிறகு ஒரு இருமல். லெட்சுமியக்காள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது.

மாமி போய்க் கதவைத் திறந்தார்.

தன் இலைக்கு முன்னால், வெள்ளை உடுப்போடு, சம்மணம் போட்டு மூத்தார் உட்கார்ந்திருந்தார். பின்கட்டு வழியாக வந்திருக்கிறார். கை முழுக்கச் சோறு. மீன் முள்ளை இலை ஓரத்தில் ஒதுக்கியிருந்தார்.

மாமி பின்வாங்கினார். ஒரே ஓர் அடிதான். ஆனால் கை தானாக எழுந்து முகத்தை மறைத்தது. பெற்ற தாய், தன் மகனைப் பார்த்து. நாங்கள் எல்லாரும் அதைப் பார்த்தோம், அவரும் பார்த்தார். அதை நினைக்கும்போதுதான் எனக்கு இன்றும் காது சுடுகிறது.

"நான்தாம்மா. பசிச்சுது, சாப்பிட்டேன்" என்றார் மூத்தார். கடைசி வாயையும் போட்டு விழுங்கினார். "வயிறு ரொம்பிருச்சு. இனிமே எனக்கு இலை போட வேணாம். பசிச்சா நானே வந்து கேக்குறேன்."

இலைகளில் உள்ளதைத் தட்டில் சேர்ப்பது வீட்டு மருமகளின் வேலை. என்ன செய்வதென்று தெரியாமல் நான் அந்த வேலையைச் செய்யப் போனேன். மாமனார் இலையை வழித்தேன், அடுத்ததை வழித்தேன், மூத்தார் இலைப் பக்கம் குனிந்தேன்.

"அதைக் கலக்காதே."

மாமியின் குரல். முகத்திலிருந்து கையை எடுத்திருந்தார். என்னிடம் சொன்னாலும் வாசலைப் பார்த்துத்தான் சொன்னார், தெருவுக்கே கேட்கும்படி.

"என் மகன் சாப்பிட்ட எச்சில் இலை அது. யாருக்கும் பங்கு கிடையாது. கொண்டுபோய் வெளியே போடு."

செத்தவர்கள் சாப்பிட்ட இலையில் எச்சில் கிடையாது. அது அங்கே நின்ற ஒவ்வொருத்திக்கும் தெரியும்.

இலையை மடித்து எடுத்தேன். மென்று துப்பிய முருங்கைச் சக்கையும் முள்ளும் உள்ளே கிடந்தன. போன வருஷம் அந்த இலைச் சோற்றுக்குத் தட்டு நீட்டிய பெண்கள் நடுவே அதை ஏந்திக்கொண்டு நடந்தேன். ஒதுங்கி வழி விட்டார்கள். யாரும் தலை நிமிரவில்லை. நானும் நிமிரவில்லை.

போட்டுவிட்டுத் திரும்பியபோது மூத்தார் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். காலித் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு லெட்சுமியக்காள் அவர் எதிரே போய் நின்றாள். அவர் காலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"என் பையனை நாளன்னிக்கு எத்தனை மணிக்குக் கப்பலுக்கு அனுப்பணும்?"

மூத்தார் கையை உதறிக்கொண்டார்.

"விடியவும் அனுப்புங்க. சோறு கட்டிக் குடுங்க, கப்பல்ல இன்னும் அடுப்பு வைக்கல."